ஒழுங்கற்ற படிகத்தில் பிறக்கும் பல நிற ஒளி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

லேசர்க் கற்றையின் அதிர்வெண்ணை இரட்டிப்பாக்க வேண்டுமா? மிகவும் ஒழுங்கான, குறையில்லாத படிகம் ஒன்றைத் தேடுங்கள். ஒளியியல் படித்த எவரும் முதலில் கேட்கும் அறிவுரை இது. இந்தப் பக்கம் அதற்கு நேரெதிரான படிகங்களைப் பற்றியது. உள்ளே தாறுமாறாகக் கிடக்கும் ஒரு படிகம் எப்படி வேலை செய்கிறது, அந்தத் தாறுமாறே எப்படிப் பரந்த அலைநீளப் பட்டைக்கு வழி திறக்கிறது, அதன் பிறகும் ஒளியின் தளவிளைவு (மின்புலம் அதிரும் திசை) ஏன் கலைந்துபோவதில்லை? என்னிடம் திரும்பத் திரும்ப வரும் இந்தக் கேள்விகளுக்குப் பதில்களை இங்கே தொகுத்திருக்கிறேன்.

அதிர்வெண் இரட்டிப்பு என்றால் என்ன?

ஒளி ஒரு பொருளுக்குள் செல்லும்போது அதன் மின்புலம் அங்குள்ள எலக்ட்ரான்களை ஆட்டுகிறது. ஒளி மென்மையாக இருந்தால் எலக்ட்ரான்களும் அதே தாளத்தில் ஆடும். லேசரின் வலுவான ஒளியில் அந்த ஆட்டம் சற்றே கோணிப்போகிறது. ஒரு பக்கம் கொஞ்சம் அதிகமாகவும் மறுபக்கம் கொஞ்சம் குறைவாகவும் நகர்கிறது. அந்தக் கோணலில்தான் இரட்டை அதிர்வெண் ஒளிந்திருக்கிறது. 1064 நானோமீட்டர் அகச்சிவப்பு உள்ளே போனால் 532 நானோமீட்டர் பச்சை வெளியே வரும். இதற்கு இரண்டாம் சீரிசை என்று பெயர். இரு பக்கமும் சமச்சீராக உள்ள பொருளில் கோணல் ஏற்படாது. ஆகவே மைய சமச்சீர் இல்லாத படிகம் வேண்டும்.

1960இல் ரூபி லேசர் வந்தது. மறு ஆண்டே மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் பிராங்கனும் உடன் பணியாற்றியவர்களும் அந்த லேசரின் 694.3 நானோமீட்டர் சிவப்பை ஒரு குவார்ட்ஸ் படிகத்தில் செலுத்தி, 347 நானோமீட்டர் புற ஊதாவைப் பெற்றார்கள். நிழற்படத் தகட்டில் அது ஒரு சிறு புள்ளியாக மட்டுமே விழுந்தது. கட்டுரை அச்சாகும்போது யாரோ அதைத் தூசி என்று நினைத்து அழித்துவிட்டார்கள் என்பது இத்துறையில் எல்லோரும் சொல்லிச் சிரிக்கும் கதை. அச்சான படத்தில் அம்புக்குறி இருக்கிறது, அது சுட்டும் புள்ளி மட்டும் இல்லை.

கட்டப் பொருத்தம் என்று ஏன் எல்லோரும் கவலைப்படுகிறார்கள்?

கட்டம் என்பது ஓர் அலை தன் ஏற்ற இறக்கத்தில் எந்த நிலையில் இருக்கிறது என்பது. உள்ளே போகும் அடிப்படை ஒளியும் அதன் இரட்டிப்பும் படிகத்துக்குள் ஒரே வேகத்தில் செல்வதில்லை. லித்தியம் நியோபேட் என்ற படிகத்தை எடுத்துக்கொள்வோம். அதன் ஒளிவிலகல் எண் 1064 நானோமீட்டரில் ஏறத்தாழ 2.156, 532இல் 2.234. வித்தியாசம் 0.078 மட்டும்தான். ஆனால் அதன் விளைவைப் பாருங்கள். படிகத்தின் தொடக்கத்தில் பிறந்த பச்சையும், 3.4 மைக்ரோமீட்டர் தள்ளிப் பிறக்கும் பச்சையும் எதிரெதிர்க் கட்டத்தில் இருக்கும். அதற்கு மேல் போனால் புதிதாகப் பிறக்கும் ஒளி பழையதை அழிக்கத் தொடங்கும். ஒரு சென்டிமீட்டர் நீளப் படிகம் இருந்தும், உண்மையில் பயன்படுவது தலைமுடியின் பருமனில் ஒரு சிறு பகுதி அளவுதான். இந்த 3.4 மைக்ரோமீட்டருக்கு ஒத்திசைவு நீளம் என்று பெயர்.

இதைச் சரிசெய்ய இரண்டு வழிகள் 1962இலேயே சொல்லப்பட்டுவிட்டன. ஒன்று, இரட்டை ஒளிவிலகல் உள்ள (தளவிளைவைப் பொறுத்து ஒளியின் வேகம் மாறும்) படிகத்தைச் சரியான கோணத்தில் சாய்த்து இரு வேகங்களையும் சமமாக்குவது. மற்றொன்று இயற்பியலாளர் புளூம்பர்கனும் அவருடன் இருந்தவர்களும் முன்வைத்தது: ஒவ்வோர் ஒத்திசைவு நீளத்துக்கும் படிகத்தைத் தலைகீழாகத் திருப்பிவிடுவது. அழிக்க வேண்டிய ஒளி அப்போது சேரத் தொடங்கும். இது போலிக் கட்டப் பொருத்தம் எனப்படுகிறது. எழுதிவைப்பது எளிது; மைக்ரோமீட்டர் அளவில் படிகத்தைத் திருப்புவது எப்படி? வலுவான மின்புலத்தைக் கொண்டு லித்தியம் நியோபேட்டின் உள் அமைப்பைப் பட்டை பட்டையாகத் திருப்பும் முறை 1990களில்தான் கைகூடியது. மேலே சொன்ன எண்களுக்கு அந்தப் பட்டைகளின் மீள்தொலைவு, அதாவது ஒரே கோலம் மறுபடி வரும் தூரம், சுமார் 6.8 மைக்ரோமீட்டர்.

அப்படியானால் ஒழுங்கான படிகமே போதுமே? ஒழுங்கின்மை எதற்கு?

ஒழுங்கான படிகம் ஒரே ஒரு பூட்டுக்குச் செய்த சாவி. 1064க்கு வெட்டிய பட்டைகள் 1100க்கு உதவாது. ஒரு சென்டிமீட்டர் நீளமுள்ள அத்தகைய படிகம் ஏற்றுக்கொள்ளும் அலைநீள அகலம் ஒரு நானோமீட்டருக்கும் குறைவு. வெப்பநிலை சில டிகிரி நகர்ந்தாலே பச்சை மங்கிவிடும். அதனால்தான் இந்தப் படிகங்களை அடுப்பு வைத்துப் பாதுகாக்கிறார்கள்.

இப்போது 100 ஃபெம்டோ நொடி நீளமுள்ள ஒரு துடிப்பை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு ஃபெம்டோ நொடி என்பது நொடியின் ஆயிரம் லட்சம் கோடியில் ஒரு பங்கு. இவ்வளவு குறுகிய துடிப்பு ஒரே நிறமாக இருக்க இயலாது; 800 நானோமீட்டரை மையமாகக் கொண்டால் அதன் நிற அகலம் சுமார் 9 நானோமீட்டர். ஒழுங்கான நீண்ட படிகம் இதில் ஒரு கீற்றை மட்டும் பொறுக்கி எடுத்துக்கொண்டு மற்றதை விட்டுவிடும். படிகத்தை மெலிதாக்கினால் அகலம் கூடும், ஒளி குறையும். பட்டைகளின் அகலத்தைச் சிறிது சிறிதாக மாற்றிக்கொண்டே போவது இடைப்பட்ட ஒரு தீர்வு. முற்றிலும் தாறுமாறாக விட்டுவிடுவது மறுகோடி.

"ஒழுங்கற்ற படிகம்" என்கிறீர்களே, அதில் எது ஒழுங்கற்றது?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள்.

ஸ்ட்ரான்ஷியம் பேரியம் நியோபேட் என்ற படிகம் இத்துறையின் செல்லப்பிள்ளை. அது ஒரு ஃபெர்ரோஎலக்ட்ரிக் பொருள். வெளி மின்புலம் இல்லாமலேயே உள்ளே மின் முனைவாக்கம் (மின்னூட்டங்கள் விலகி நிற்பது) கொண்டது. அந்த முனைவாக்கம் படிகத்தின் சி அச்சு என்ற ஒரே திசையில்தான் அமைய முடியும்: மேல் நோக்கி அல்லது கீழ் நோக்கி. உருகலிலிருந்து வளர்த்துக் குளிரவிட்ட படிகத்தில், சி அச்சு நெடுகிலும் ஊசி ஊசியாக டொமைன்கள் (முனைவாக்கம் ஒரே பக்கம் நோக்கும் சிறு பகுதிகள்) உருவாகின்றன. ஓர் ஊசி மேல் நோக்கும், அடுத்தது கீழ் நோக்கும். அவற்றின் பருமன் ஒரு மைக்ரோமீட்டருக்கும் குறைவிலிருந்து சில மைக்ரோமீட்டர் வரை எப்படி வேண்டுமானாலும் இருக்கும். சி அச்சின் வழியே பார்த்தால், பல பருமன்களில் பென்சில்களைக் கட்டாகக் கட்டி, சிலவற்றின் கூர்முனையை மேலேயும் சிலவற்றைக் கீழேயும் வைத்ததுபோல் இருக்கும்.

இதில் எது கலைந்திருக்கிறது, எது கலையவில்லை என்று பாருங்கள். அணுக்களின் அடுக்கு முழுப் படிகத்திலும் ஒன்றுதான். சி அச்சு எங்கும் ஒரே திசைதான். ஒளிவிலகல் எண் மேல் நோக்கிய ஊசிக்கும் கீழ் நோக்கியதற்கும் சமம்; அதனால் சாதாரண ஒளிக்கு இது கண்ணாடிபோல் தெளிந்த படிகம், சிதறல் இல்லை. மாறுவது ஒன்றே ஒன்று: இரட்டிப்பு எவ்வளவு வலுவாக நடக்கும் என்பதைச் சொல்லும் நேரிலாக் குணகத்தின் கூட்டல் கழித்தல் குறி. ஒழுங்கின்மை முழுவதும் அந்தக் குறியில் அடங்கிவிடுகிறது. அலைநீளப் பட்டை அகலமாவதற்கும் தளவிளைவு தப்பிப்பதற்கும் காரணம் இதுவே.

தாறுமாறான டொமைன்கள் ஒன்றையொன்று அழித்துவிடாதா?

அழிக்கும், சேர்க்கும், மறுபடி அழிக்கும். கூட்டிப் பார்த்தால் கொஞ்சம் மிஞ்சும். ஒவ்வொரு டொமைனிலும் பிறக்கும் பச்சையை ஒரு சிறு அம்பாக வரைந்துகொள்ளுங்கள். அம்பின் திசைதான் கட்டம். ஒழுங்கான படிகத்தில் எல்லா அம்புகளும் ஒரே பக்கம் நோக்கும். ஒரு சென்டிமீட்டரில் சுமார் 3,000 டொமைன்கள் என்றால் மொத்த அம்பின் நீளம் 3,000. செறிவு அதன் வர்க்கம், அதாவது 90 லட்சம். தாறுமாறான படிகத்தில் அம்புகள் குடிகாரனின் நடைபோல் அங்குமிங்கும் திரும்பும். 3,000 அடி வைத்தவன் புறப்பட்ட இடத்திலிருந்து சராசரியாக 3,000இன் வர்க்கமூலம் அளவே, ஏறத்தாழ 55 அடிதான், விலகியிருப்பான். அதன் வர்க்கம் 3,000. ஆகவே செறிவு 3,000 மடங்கு குறைவு.

இழப்பு பெரிதுதான். ஆனால் ஒத்திசைவு நீளத்தைத் தாண்டினால் பொருத்தமற்ற படிகத்தில் ஒளி வளர்வதே இல்லை. ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும். இங்கே நீளத்துக்கு நேர்விகிதத்தில் வளர்ந்துகொண்டே போகிறது. இரு மடங்கு நீளம், இரு மடங்கு ஒளி.

இதையே வேறு விதமாகவும் சொல்லலாம். டொமைன்களின் கோலத்தைப் பல மீள்தொலைவுகளின் கூட்டாகப் பிரித்தால், ஒழுங்கான படிகத்தில் மொத்த வலுவும் ஒரே மீள்தொலைவில் குவிந்திருக்கும். ஒழுங்கற்றதில் அதே வலு எண்ணற்ற மீள்தொலைவுகளுக்குப் பரவியிருக்கும். எந்த அலைநீளம் உள்ளே வந்தாலும், எந்த வெப்பநிலையில் வந்தாலும், அதற்குத் தேவையான மீள்தொலைவு கோலத்தில் எங்கேனும் சிறிதளவு இருக்கும். வலு குறைந்த அதே காரணத்தால்தான் அலைநீளப் பட்டை அகன்றது. ஒன்றை விட்டு மற்றொன்றை மட்டும் வாங்க முடியாது.

அகன்ற பட்டை என்றால் ஒரே லேசரிலிருந்து வெள்ளை ஒளி கிடைக்குமா?

கிடைக்காது. ஒரு நிறம் போனால் அதன் இரட்டிப்பான ஒரு நிறம்தான் வரும். அகன்ற பட்டை என்பது படிகத்தின் ஏற்புத் திறன். அலைநீளத்தைத் திருப்பத்திருப்ப ஒளி மாற்றம் நிற்காமல் தொடரும். அகன்ற நிறமாலையுடைய துடிப்பைச் செலுத்தினால் அந்த அகலம் முழுவதும் மாறும். புதிய நிறங்களைத் தானாக உருவாக்கும் வெண்ணொளித் தொடர் நிறமாலை வேறு வகை நேரிலா விளைவு. விளம்பரக் குறிப்புகளில் இவ்விரண்டையும் குழப்புவதைப் பார்த்திருக்கிறேன்.

வெளிவரும் ஒளி எந்தப் பக்கம் போகும்?

அது படிகத்தை எந்தப் பக்கமிருந்து பார்க்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. ஊசிகள் சி அச்சு நெடுகிலும் நீண்டு கிடப்பதால், கோலத்தின் ஏற்ற இறக்கம் அந்த அச்சுக்குச் செங்குத்தான தளத்தில் மட்டுமே உண்டு. உள்ளே போகும் ஒளிக்கும் பிறக்கும் ஒளிக்கும் இடையே உள்ள உந்த வேறுபாட்டை (கட்டப் பொருத்தமின்மையின் மறுபெயர்) ஈடுகட்ட அந்தத் தளத்தால் மட்டுமே முடியும்.

கற்றையைச் சி அச்சுக்குச் செங்குத்தாகச் செலுத்தினால், பச்சை ஒளி அந்தத் தளம் முழுவதும் பரவும்: முன்னே, பக்கவாட்டில், பின்னேகூட. ஓர் வெள்ளைத்தாளை முன்னால் பிடித்தால் மெல்லிய பச்சைக் கோடு ஒன்று தெரியும். தாளைப் பக்கவாட்டுக்குக் கொண்டுபோனாலும் கோடு தொடரும். எந்தப் பக்கம் எவ்வளவு ஒளி என்பது டொமைன்களின் பருமனைச் சொல்லிவிடும். முன்னோக்கி வர மீள்தொலைவு 6.8 மைக்ரோமீட்டர் போதும். லித்தியம் நியோபேட்டின் ஒளிவிலகல் எண்களை வைத்தே கணக்கிட்டால், நேர் பக்கவாட்டில் வர சுமார் 170 நானோமீட்டர் வேண்டும். அவ்வளவு மெல்லிய ஊசிகள் குறைவுதான். ஆனால் டொமைன்களின் சுவர் கூர்மையானது. கூர்மையான விளிம்பில் மிகச் சிறிய மீள்தொலைவுகளும் கலந்திருக்கும் என்பதால் பக்கவாட்டு ஒளி மங்கலாகவேனும் தெரிகிறது.

கற்றையைச் சி அச்சின் வழியே செலுத்தினால் கதை மாறும். அந்தத் திசையில் கோலம் மாறுவதில்லை, ஆகவே அந்தத் திசை உந்தம் தானாகவே சமமாக வேண்டும். அது ஒரு குறிப்பிட்ட சாய்கோணத்தில்தான் நடக்கும். அச்சைச் சுற்றி எல்லாப் பக்கமும் ஒன்றே என்பதால் வெளிவருவது ஒரு கூம்பு; தாளில் விழுவது வட்ட வளையம். கோணத்தை முடிவு செய்வது இரு ஒளிவிலகல் எண்களின் விகிதம். அலைநீளம் குறையக் குறைய அந்த வேறுபாடு கூடுவதால் வளையம் அகலும். அகன்ற நிறமாலையைச் செலுத்தினால் நிறங்கள் ஒன்றுக்குள் ஒன்றாக வளையங்களாகப் பிரியும்.

தளவிளைவை எப்படிக் கட்டுப்படுத்துவது?

முதலில் ஒரு சொல் விளக்கம். ஒளியின் மின்புலம் எந்தத் திசையில் அதிர்கிறது என்பதைத் தமிழில் தளவிளைவு என்கிறோம். பொருளுக்குள் மின்னூட்டங்கள் விலகி நிற்பதை முனைவாக்கம் என்கிறோம். ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே சொல் என்பதால் அங்கே மாணவர்கள் தடுமாறுவார்கள். நமக்கு அந்தத் தொல்லை இல்லை.

மேலே சொன்னதை நினைவில் வையுங்கள்: குறி மட்டுமே தாறுமாறு, அச்சு அல்ல. எந்தத் திசைப் புலம் எந்தத் திசையில் இரட்டிப்பை உருவாக்கும் என்பதை அச்சுதான் தீர்மானிக்கிறது. இந்தப் படிகத்தில் நேரிலாக் குணகங்கள் மூன்று: சி அச்சில் அதிரும் புலம் அதே அச்சில் இரட்டிப்பைத் தருவது ஒன்று (டி-33), அச்சுக்குச் செங்குத்தாக அதிரும் புலமும் சி அச்சிலேயே இரட்டிப்பைத் தருவது இரண்டு (டி-31), இரண்டும் கலந்த புலம் செங்குத்துத் திசையில் இரட்டிப்பைத் தருவது மூன்று (டி-15).

வளையத்திலிருந்து தொடங்குவோம். கற்றை சி அச்சின் வழியே போவதால் அதன் புலம் முழுவதும் அச்சுக்குச் செங்குத்து. ஆகவே இரண்டாவது குணகம் மட்டுமே வேலை செய்யும். பிறக்கும் அதிர்வு சி அச்சின் திசையில். அது சாய்ந்த கோணத்தில் வெளிவரும்போது, வளையத்தின் ஒவ்வொரு புள்ளியிலும் தளவிளைவு மையத்திலிருந்து வெளிநோக்கிய ஆரத் திசையில் அமைகிறது. இதை மேசையிலேயே சரிபார்க்கலாம். வளையத்துக்கு முன்னால் ஒரு போலராய்டுத் தகட்டைப் பிடியுங்கள். வளையத்தில் எதிரெதிரே இரண்டு பிறைகள் மட்டும் மிஞ்சும். தகட்டைச் சுழற்றினால் பிறைகளும் கூடவே சுழலும். சக்கரத்தின் ஆரங்கள்போல் அமைந்த இத்தகைய தளவிளைவை வேறு முறைகளில் உருவாக்கத் தனிக் கருவிகள் வேண்டும். இங்கே படிகமே கொடுத்துவிடுகிறது.

அடுத்து, போலராய்டை எடுத்துவிட்டு, உள்ளே போகும் கற்றையின் தளவிளைவை ஓர் அரை அலைத் தகட்டால் சுழற்றுங்கள். வளையம் அசையாது, மங்காது. பிறக்கும் அதிர்வு இரு செங்குத்துக் கூறுகளின் வர்க்கங்களின் கூட்டல் என்பதால், நேர்கோட்டுத் தளவிளைவு எந்தப் பக்கம் திரும்பினாலும் கூட்டுத்தொகை மாறாது.

இப்போது அரை அலைத் தகட்டின் இடத்தில் கால் அலைத் தகட்டை வையுங்கள். சுழற்றச் சுழற்ற வளையம் மங்கும், 22.5 டிகிரியில் பாதியாகும். 45 டிகிரியில் ஒளி வட்டத் தளவிளைவாகும்போது (மின்புலத்தின் திசை வட்டமாகச் சுழலும்போது) அணைந்தே போகும். வட்டத் தளவிளைவில் ஒரு கூறு மற்றதைவிடக் கால் அலை பின்தங்கியிருக்கும். வர்க்கப்படுத்தும்போது கால் அலை அரை அலையாகிறது, ஒன்று கூட்டல், மற்றது கழித்தல், கூட்டினால் பூச்சியம். லேசரின் ஆற்றல் கொஞ்சமும் குறையவில்லை, படிகம் அப்படியே இருக்கிறது, ஆனால் பச்சை இல்லை. முதன்முறை பார்த்தபோது லேசர் நின்றுவிட்டது என்று நினைத்து மின் இணைப்பைச் சோதிக்கப் போனேன்.

சி அச்சுக்குச் செங்குத்தான அமைப்பில் கட்டுப்பாடு இன்னும் நேரடியானது. உள்ளே போகும் புலத்தைச் சி அச்சோடு இணையாக வைத்தால் டி-33 மட்டும் இயங்கும்; வெளிவருவதும் சி அச்சில் அதிரும். அச்சுக்குச் செங்குத்தாக வைத்தால் டி-31 மட்டும். அப்போதும் வெளிவருவது சி அச்சில்தான் அதிரும். இரு நிலைகளிலும் தூய நேர்கோட்டுத் தளவிளைவு. இரண்டுக்கும் நடுவே, 45 டிகிரியில் வைத்தால் மூன்றாவது குணகமும் சேர்ந்துகொண்டு செங்குத்துக் கூறு ஒன்று முளைக்கும். இங்கேதான் கவனம் வேண்டும். அந்த இரு கூறுகளுக்கும் ஒளிவிலகல் எண் வேறு. ஆகவே கோலத்திலிருந்து அவை எடுத்துக்கொள்ளும் மீள்தொலைவும் வேறு. ஒன்றின் தாறுமாறுக்கும் மற்றதன் தாறுமாறுக்கும் தொடர்பில்லை. திரையில் அடுத்தடுத்த புள்ளிகளில் வெவ்வேறு நீள்வட்டத் தளவிளைவு தெரியும். கட்டுப்பாடு வேண்டுமென்றால் 0 அல்லது 90 டிகிரியில் நில்லுங்கள். நடுவே நின்றுவிட்டுப் படிகத்தைக் குறை சொல்லாதீர்கள்.

இதற்கும் ஒரு விதிவிலக்கு: நேர் பக்கவாட்டு ஒளி. செங்குத்துக் கூறின் அதிர்வு அங்கே ஒளி செல்லும் திசையிலேயே இருப்பதால் அதனால் ஒளி வீச முடியாது. எனவே உள்ளே எந்தக் கோணத்தில் செலுத்தினாலும் பக்கவாட்டில் வருவது சி அச்சுத் தளவிளைவு மட்டுமே.

மூன்றாம் சீரிசையும் கிடைக்குமா?

கிடைக்கும், அதுவும் ஒரே படிகத்தில். முதலில் இரட்டிப்பு உருவாகி, அது அடிப்படை ஒளியோடு மறுபடி சேர்ந்து மும்மடங்கு அதிர்வெண்ணைத் தருகிறது. ஒழுங்கான படிகத்தில் இவ்விரு படிகளுக்கும் வெவ்வேறு மீள்தொலைவுகளைத் திட்டமிட்டு வடிக்க வேண்டும். இங்கே இரண்டும் கோலத்தில் ஏற்கெனவே இருக்கின்றன. 1500 நானோமீட்டரைச் செலுத்தினால் 750உம் 500உம் ஒருசேர வரும். ஆனால் இந்தப் படிகம் 400 நானோமீட்டருக்குக் கீழே ஒளியை உறிஞ்சத் தொடங்கும் என்பதை மறக்கக் கூடாது.

பலபடிகப் பொருள்களிலும் இதே கதைதானா?

பாதி. துத்தநாக செலினைடு போன்ற பலபடிகப் பொருளில், பல பத்து மைக்ரோமீட்டர் பருமனுள்ள குருணைகள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு பக்கம் திரும்பிக் கிடக்கும். குறி மட்டுமல்ல, அச்சுகளே தாறுமாறு. இதிலும் நீளத்துக்கு நேர்விகிதத்தில் ஒளி வளர்கிறது என்று பிரான்சைச் சேர்ந்த ஒரு குழு 2004இல் நேச்சர் இதழில் காட்டியது. அதற்கு முன் ஒழுங்கின்மையைக் குறையாக மட்டும் பார்த்த பலரின் கண்ணைத் திறந்தது அந்தக் கட்டுரை என்பேன். 2017இல் அதே பொருளைக் கொண்டு ஒளி அளவுரு அலைவியே (லேசர் ஒளியை இரு நீண்ட அலைநீள ஒளிகளாகப் பிரித்துத் தரும் கருவி) செய்துவிட்டார்கள், அது 2.35 மைக்ரோமீட்டர் லேசரால் இயங்கி, 3 முதல் 7.5 மைக்ரோமீட்டர் வரை நடு அகச்சிவப்பில் பரந்த பட்டையைக் கொடுத்தது. 2020இல் சூரிச்சிலுள்ள ஈடிஹெச் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பேரியம் டைட்டனேட் நானோ படிகங்களை உருண்டையாகத் திரட்டி, ஒரு சில மைக்ரோமீட்டர் அளவிலேயே இந்த விளைவைக் காட்டினார்கள்.

அகன்ற பட்டை இவை எல்லாவற்றிலும் உண்டு. தளவிளைவுக் கட்டுப்பாடு அப்படியல்ல. குருணைகளின் அச்சு கலைந்த இடத்தில் மேலே சொன்ன ஆரத் தளவிளைவும் கால் அலைத் தகட்டின் அணைப்பும் கிடைக்காது.

டொமைன்களை நம் விருப்பப்படி மாற்ற முடியுமா?

ஓரளவு முடியும், அதிலும் ஸ்ட்ரான்ஷியம் பேரியம் நியோபேட்டில் எளிது. ஸ்ட்ரான்ஷியம் 61 விழுக்காடு உள்ள வழக்கமான கலவையில் ஃபெர்ரோஎலக்ட்ரிக் தன்மை 80 டிகிரி செல்சியஸை ஒட்டி மறைகிறது; லித்தியம் நியோபேட்டில் அது 1,100 டிகிரிக்கும் மேல். டொமைனைத் திருப்பத் தேவையான மின்புலமும் மில்லிமீட்டருக்குச் சில நூறு வோல்ட்தான். லித்தியம் நியோபேட்டுக்கு அது சுமார் 21,000 வோல்ட். சூடாக்கிக் குளிரவைத்தால் புதிய தாறுமாறு உருவாகும். மின்புலம் கொடுத்தபடி குளிரவைத்தால் டொமைன்கள் ஒரே பக்கம் சாயும். இடைப்பட்ட அளவில் பருமனை மாற்றலாம். இந்த எளிமைக்கு ஒரு விலை உண்டு: அதிகச் சக்தியுள்ள கற்றை படிகத்தைச் சூடாக்கினால் கோலம் தானாகவே மாறிவிடும். கால்சியம் பேரியம் நியோபேட்டின் மாறுநிலை வெப்பநிலை (ஃபெர்ரோஎலக்ட்ரிக் தன்மை மறையும் வெப்பநிலை) 200 டிகிரிக்கும் மேல் என்பதால் அங்கே இந்தக் கவலை குறைவு.

உள்ளே உள்ள டொமைன்களைப் பார்க்க வழி உண்டா?

அமிலத்தால் அரித்து நுண்ணோக்கியில் பார்ப்பது பழைய வழி. மேற்பரப்பு மட்டுமே தெரியும், படிகமும் கெட்டுவிடும். டொமைன் சுவரில் கற்றையைக் குவித்தால், செரென்கோவ் கதிர்வீச்சை (பொருளுக்குள் ஒளியைவிட வேகமாகப் பாயும் துகள் கூம்பாக வீசும் ஒளி) ஒத்த கோணத்தில் இரட்டிப்பு ஒளி சாய்ந்து வெளியேறும். சுவர் இல்லாத இடத்தில் வராது. குவியப் புள்ளியைப் படிகத்துக்குள் நகர்த்தியபடி இந்த ஒளியைப் பதிவு செய்தால் முப்பரிமாணப் படம் கிடைக்கும். படிகத்துக்குச் சேதமில்லை.

இதனால் நடைமுறைப் பயன் என்ன?

எனக்குப் பிடித்தது குறுந்துடிப்புகளை அளப்பது. ஃபெம்டோ நொடித் துடிப்பின் நீளத்தை அளக்க அதைவிட வேகமான மின்னணுக் கருவி கிடையாது. துடிப்பை அதன் நகலோடு மோதவிட்டுத்தான் அளக்க வேண்டும். படிகத்துக்குள் இரு நகல்களை எதிரெதிர்ப் பக்கங்களிலிருந்து செலுத்தினால், அவை சந்திக்கும் இடத்தில் மட்டும் கூடுதலான பச்சை பக்கவாட்டில் வீசும். மேலேயிருந்து ஒரு கேமரா அந்தக் கோட்டைப் படம் பிடித்தால் போதும். நேர வித்தியாசம் இட வித்தியாசமாக மாறிவிடுகிறது: 100 ஃபெம்டோ நொடி என்பது படிகத்துக்குள் சுமார் 7 மைக்ரோமீட்டர். இரு கற்றைகளையும் சிறு கோணத்தில் சந்திக்கவைத்தால் அந்தக் கோடு இன்னும் நீண்டு அளக்க எளிதாகும். நகரும் கண்ணாடிகள் வேண்டாம், படிகத்தைக் கோணம் பார்த்துத் திருப்ப வேண்டாம், லேசரின் அலைநீளத்தை மாற்றினால் கருவியைத் திருத்தவும் வேண்டாம். இங்கே கொஞ்சம் ஒளி போதும் என்பதால் ஒழுங்கற்ற படிகத்தின் பலவீனம் உறுத்துவதில்லை.

வெளிவரும் ஒளி லேசர் ஒளிபோல் ஒத்திசைவானதா?

ஆம், ஆனால் அழகாக இருக்காது. கட்டங்கள் தாறுமாறாக இருந்தாலும் ஒரு நொடிக்கும் மறு நொடிக்கும் மாறுவதில்லை. அதனால் குறுக்கீட்டு விளைவு நிலையாக இருக்கும். அதன் அடையாளமே திரையில் தெரியும் மணல்மணலான ஒளிப்புள்ளிகள். குறுந்துடிப்பானால் இதே மணல்தன்மை நிறமாலையிலும் நேரத்திலும் ஏறிவிடும். இரட்டிப்புத் துடிப்பு மூலத்தைவிட நீண்டு கந்தலாக வரும். தூய குறுந்துடிப்பு வேண்டுபவர்கள் மெல்லிய ஒழுங்கான படிகத்திடமே போக வேண்டும்.

என் படிகத்தில் பச்சையே தெரியவில்லை. என்ன தவறு?

பெரும்பாலும் மூன்றில் ஒன்று. முதலாவது, படிகத்தை ஏற்கெனவே மின்புலத்தால் ஒரே பக்கம் திருப்பி விற்றிருப்பார்கள். மின் ஒளியியல் வேலைக்கு அப்படித்தான் வேண்டும். உங்களுக்கு வளர்ந்தபடியே உள்ள படிகம் வேண்டும். மாறுநிலை வெப்பநிலைக்கு மேல் சூடாக்கி, மின்புலமின்றிக் குளிரவைத்துப் பாருங்கள். இரண்டாவது, அச்சைத் தவறாகப் புரிந்துகொண்டு, கோட்டைத் தேட வேண்டிய இடத்தில் வளையத்தைத் தேடுவது. வளையம் அகலமானது, படிகத்திலிருந்து தொலைவில் சிறு திரையை வைத்தால் அது திரைக்கு வெளியே போய்விடும். தாளைப் படிகத்தை ஒட்டியே பிடியுங்கள். மூன்றாவது, வழியில் எங்கோ ஒரு கால் அலைத் தகடு இருப்பது; லேசரின் பாதுகாப்பு அமைப்புக்குள்ளேயே அது ஒளிந்திருக்கலாம்.

இவற்றைத் தேடும்போது ஒன்றை மறக்காதீர்கள்: 1064 நானோமீட்டர் கண்ணுக்குத் தெரியாது, ஆனால் விழித்திரையைச் சுடும். பச்சையைக் காணோம் என்று குனிந்து படிகத்துக்குள் எட்டிப் பார்க்காதீர்கள். அந்த அலைநீளத்துக்குரிய கண்ணாடியை அணிந்துகொண்டு, தாளையோ கேமராவையோ வைத்துத் தேடுங்கள்.